புனிதப் பணிக்கும் பணிக்கொடை உண்டு



கொஞ்சம் நீளமான பதிவு. காபியை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "அருமை டீச்சர்" என்று மட்டும் போட வேண்டாம். படித்துவிட்டுச் சண்டை போட்டாலும் சந்தோஷம்தான்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு பிள்ளை எழுதியிருந்தான். பெயர் வேண்டாம். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன், இப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தாளாளர். "ஆசிரியர் வேலை ஒரு சேவை டீச்சர். உங்கள் காலத்தில் யாராவது பி.எஃப்., கிராஜுட்டி என்று கேட்டீர்களா? இப்போது வருகிறவர்கள் எல்லாம் சட்டம் பேசுகிறார்கள். அரசாங்கமும் ஓட்டுக்காகச் சட்டம் போட்டு சின்னப் பள்ளிகளை மூட வைக்கிறது" என்று. அதற்குக் கீழே நாற்பது பேர் கைகூப்பி வைத்திருந்தீர்கள். அதில் பத்துப் பேர் ஆசிரியர்கள்! அதைப் பார்த்த பிறகுதான் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

தம்பி, உன் மேல் கோபம் இல்லை. ஆனால் நீ சொன்னதில் மூன்று தவறு இருக்கிறது. சிவப்பு மையில் திருத்திக் காட்டுவது என் பழக்கம், பொறுத்துக்கொள்.

முதலில், கிராஜுட்டி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக. தமிழில் பணிக்கொடை என்கிறோம். 'கொடை' என்ற சொல் அதில் ஒட்டிக்கொண்டதே பெரிய வம்பு, முதலாளி பார்த்துக் கொடுக்கிற தர்மம் மாதிரி ஒலிக்கிறது. உண்மையில் அது, ஒருவர் பல வருடம் ஓரிடத்தில் உழைத்துவிட்டுப் போகும்போது சட்டப்படி தர வேண்டிய கடன். ஆரம்பத்தில் நிர்வாகம் விரும்பினால் கொடுத்ததுதான். பிறகு 1970-இல் கேரளம் தொழிலாளர்களுக்காகச் சட்டம் போட்டது, 1971-இல் மேற்கு வங்காளம் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மாநிலத்துக்கு ஒன்றாகப் போய்விடக் கூடாது என்று நாடாளுமன்றம் 1972-இல் பொதுச் சட்டம் இயற்றியது. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கணக்கு. கடைசியாக வாங்கிய சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு.

இதில் ஆசிரியர் எங்கே வருகிறார்? அங்கேதான் கதையே இருக்கிறது.

1972 சட்டத்தில் "ஊழியர்" யார் என்பதற்கு ஒரு பட்டியல் இருந்தது. திறன் உள்ள வேலை, ஓரளவு திறன் உள்ள வேலை, திறன் தேவைப்படாத வேலை, உடலுழைப்பு, மேற்பார்வை, தொழில்நுட்பம், எழுத்தர் வேலை. கற்பித்தல் என்ற சொல் அதில் இல்லை. 1997 ஏப்ரல் 3-ஆம் தேதி மத்திய அரசு ஒரு அறிவிக்கை வெளியிட்டு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கல்வி நிறுவனங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்றது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அகமதாபாத் தனியார் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கத்தின் வழக்கில் 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? பள்ளிக்கூடம் சட்டத்துக்குள் வரும், ஆசிரியர் வரமாட்டார்! வருங்கால வைப்புநிதிச் சட்டத்தில் "எந்த வேலையானாலும்" என்று பரந்து எழுதியிருக்கிறது, இதில் அப்படி எழுதவில்லை, ஆகவே ஆசிரியர் அந்தப் பட்டியலில் எந்தச் சொல்லுக்குள்ளும் அடங்கமாட்டார் என்றது தீர்ப்பு.

அதாவது பள்ளியில் மணி அடிப்பவருக்கு உண்டு, அலுவலக கிளார்க்குக்கு உண்டு, வேன் ஓட்டுகிறவருக்கு உண்டு, ஆயாம்மாவுக்கு உண்டு. அவர்களுக்குக் கிடைத்தது முழுக்க நியாயம், எனக்கு அதில் ஒரு துளி பொறாமையும் இல்லை. ஆனால் யாரை வைத்து அந்தப் பள்ளிக்கூடமே நடக்கிறதோ அவருக்கு மட்டும் இல்லை.

இதற்கும் முன்னால் 1988-இல், கோவாவில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு ஆசிரியை தொடுத்த வழக்கில், தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் "தொழிலாளி" அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, கற்பித்தல் ஒரு உயர்ந்த பணி, ஒரு தொண்டு என்பது. பார்த்தாயா தம்பி, நீ குழுவில் போட்ட அதே வார்த்தை! நம்மை மேலே தூக்கி வைத்தார்கள். தூக்கிய கையோடு நம் உரிமையையும் சேர்த்துத் தூக்கிவிட்டார்கள்.

இதுதான் உன் முதல் தவறு. "சேவை" என்ற சொல் சம்பளப் பேச்சு வரும்போது மட்டும் வெளியே வருகிறது. கட்டணம் வாங்கும்போது சேவை என்று குறைக்கிறாயா? ஆசிரியை புனிதப் பணி செய்கிறார் என்று மளிகைக்கடைக்காரர் அரிசியில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் தள்ளுகிறாரா? மருத்துவமனையில் பில் போடுகிற பெண் "டீச்சரா, அப்போ வேண்டாம்" என்கிறாளா? டீச்சர் வேலை புனிதமானது என்று நானும் நம்புகிறேன். முப்பத்தைந்து வருடம் அந்த நம்பிக்கையில்தான் நின்றேன். ஆனால் புனிதம் என்பது நான் என் வேலையைப் பார்க்கிற விதம். நீ எனக்குத் தர வேண்டிய பணத்துக்கான தள்ளுபடி அல்ல அது.

இனி ஒரு கதை சொல்கிறேன். இதில் என் தவறும் இருக்கிறது, அதனால்தான் இத்தனை நாள் சொல்லவில்லை.

ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு அரசுப் பணி கிடைக்கும்வரை ஒன்பது வருடம் ஒரு தனியார் பள்ளியில் இருந்தேன். அங்கே என்னைவிட ஏழு வயது மூத்த அக்கா ஒருவர். உங்களில் பாதிப்பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். உனக்கும்தான் தம்பி. நான் 1993-இல் அரசுப் பள்ளிக்குப் போய்விட்டேன். அக்கா அங்கேயே இருந்தார். மொத்தம் 27 வருடம். 2011-இல் விடைபெற்றபோது அவர் சம்பளம் மாதம் 6,500 ரூபாய். விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள், குத்துவிளக்கு ஒன்று கொடுத்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் "கற்பகத்தரு", "மெழுகுவர்த்தி" என்றார்கள். நானும் பேசினேன்.

அடுத்த வாரம் அக்கா என் வீட்டுக்கு வந்து மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, ஏதோ சட்டம் வந்திருக்காமே, நமக்கும் கிராஜுட்டி உண்டாமே?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இருபத்தேழு வருஷம் சோறு போட்ட பள்ளிக்கூடம்க்கா. அது மேல போய் கேஸ் போடலாமா? ஊர் என்ன பேசும்?"

அக்கா சரி என்று போய்விட்டார்.

இப்போது கணக்கைப் போடுங்கள். 6,500-ஐ 26-ஆல் வகுத்தால் 250. பதினைந்தால் பெருக்கினால் 3,750. இருபத்தேழால் பெருக்கினால் 1,01,250 ரூபாய். அன்றைக்கு அது அக்காவின் பதினைந்து மாதச் சம்பளத்துக்கும் மேல். எனக்கு அரசு வேலை, ஓய்வூதியம் உண்டு, பணிக்கொடை தானாக வந்துவிடும். அந்தத் தைரியத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒன்றும் இல்லாத ஒருத்திக்கு "கேட்காதே" என்று புத்தி சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அக்கா கேட்டது சரியான கேள்வி. சட்டம் மாறித்தான் இருந்தது. 2004 தீர்ப்பிலேயே, பணிக்கொடை இல்லாத ஆசிரியர்களின் நிலையைச் சட்டமன்றங்கள் கவனிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியிருந்தது. அதன்பின் 2007-இல் திருத்த மசோதா வந்து, 2009 கடைசியில் சட்டமானது. "ஊழியர்" என்பதற்குப் பழைய பட்டியலை எடுத்துவிட்டு, உடலுழைப்போ வேறு வகையோ, எந்த வேலையானாலும் என்று எழுதினார்கள். அதையும் 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும் என்று முன்தேதியிட்டார்கள். இடையில் ஓய்வு பெற்றவர்களுக்கும் சேர்த்து.

ஒரு தீர்ப்பின் ஓட்டையை அடைக்கச் சில சொற்கள் போதும். அதற்கு ஏறத்தாழ ஆறு வருடம். ஏன்? இங்கேதான் அரசியல் வருகிறது. தம்பி, "ஓட்டுக்காகச் சட்டம்" என்றாயே, அது உன் இரண்டாவது தவறு. ஓட்டுக்காக என்றால் ஆறு மாதத்தில் முடிந்திருக்கும்! தனியார் பள்ளி ஆசிரியைக்கு ஊர்வலம் போக முடியாது, மறுநாள் வேலை இருக்காது. பெரும்பாலும் பெண்கள், பலருக்குச் சங்கமும் கிடையாது. அதே நேரம், பள்ளி, கல்லூரி நடத்துகிறவர்கள் எந்தக் கட்சியில் இல்லை? என் கண் முன்னால் எல்லாக் கொடியும் பள்ளி ஆண்டுவிழா மேடையில் ஏறியிருக்கிறது. நான் எந்தக் கட்சிக்காகவும் இதை எழுதவில்லை. குரல் இல்லாதவர்களுக்கான சட்டம் மெதுவாகத்தான் வரும், வந்த பிறகும் அதை ஒடிக்கப் பார்ப்பார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

ஒடிக்கப் பார்த்தார்கள். தனியார் பள்ளிகள் பல உயர் நீதிமன்றங்களுக்குப் போய்த் தோற்று, உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். முன்தேதியிட்டது செல்லாது, இவ்வளவு பணத்துக்கு எங்கே போவோம் என்பது வாதம். 2022 ஆகஸ்ட் 29-இல் தீர்ப்பு வந்தது. திருத்தம் செல்லும். ஆசிரியர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் பாகுபாட்டையும் சட்டம் சரிசெய்திருக்கிறது, பணிக்கொடை என்பது பள்ளி இலவசமாகத் தருவது அல்ல, பணியின் குறைந்தபட்ச நிபந்தனைகளில் ஒன்று என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆறு வாரத்துக்குள் வட்டியோடு கொடுங்கள் என்றும் உத்தரவிட்டது.

அந்தச் செய்தியைப் படித்த அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். அவருக்கு அப்போது 69 வயது. இரண்டு முட்டியும் போய், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். "அக்கா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. வாங்க கேட்போம்" என்றேன். இருவரும் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்குப் போனோம். ஒன்றரை மணி நேரம் வராந்தாவில் உட்கார வைத்தார்கள். பிறகு, பதிவேடு இல்லை என்றார்கள். அக்கா ஒரு மஞ்சள் பையிலிருந்து 1984-ஆம் வருட நியமன ஆணையை எடுத்து வைத்தார். அடுத்தது, ரொம்பத் தாமதம் என்றார்கள். தாமதம் என்பதற்காக மட்டும் பணிக்கொடை உரிமை செத்துப்போகாது, விதியிலேயே இருக்கிறது என்று நான் சொன்னேன். மூன்று முறை அலைந்த பிறகு அசலைத் தருகிறோம், வட்டி கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். பத்து விழுக்காடு வட்டி போட்டிருந்தால் வட்டியே அசலைத் தொட்டிருக்கும். தொழிலாளர் துறைக்குப் போகலாம் அக்கா என்று கெஞ்சினேன். "வேண்டாம்மா, எனக்கு முட்டி வலிக்குது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

2011-இல் வந்திருக்க வேண்டிய பணம் 2023-இல் வந்தது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் மூன்று வருடம் அக்கா ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டார். உங்களில் யாராவது அங்கே துணி எடுத்திருப்பீர்கள். அடையாளம் தெரிந்ததா?

இனி தம்பியின் மூன்றாவது வாதம். சின்னப் பள்ளிகளால் முடியாது என்பது. இதில் உன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆர்.டி.இ. இருபத்தைந்து விழுக்காடு இடத்துக்கு அரசு தர வேண்டிய பணம் இழுத்தடித்துத்தான் வருகிறது. பெற்றோர் கட்டணம் பாக்கி வைக்கிறார்கள். இதற்காக நீ சண்டை போடு, நானும் வந்து நிற்கிறேன். ஆனால் அரசு உனக்குத் தராத பணத்தை டீச்சரின் பையிலிருந்து எடுக்காதே.

கணக்கைப் பார். வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பது, மாதா மாதம் பார்த்தால் சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்து ரூபாய்கூட வரவில்லை. சம்பளம் ஏற ஏறக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும், அவ்வளவுதான். எல்.ஐ.சி.யில் இதற்கென்றே குழுப் பணிக்கொடைத் திட்டம் இருக்கிறது. நம் மாநிலத்தில் கட்டணம் நிர்ணயிக்கும்போது நிர்வாகச் செலவையும் வளர்ச்சிக்கான உபரியையும்கூடக் கணக்கில் எடுக்கிறார்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வைத்து நடத்துகிற பள்ளியைச் சட்டம் தொடவே இல்லை. நீயோ இரண்டு வேன் புதிதாக வாங்கிப் படம் போட்டிருக்கிறாய். வாழ்த்துகள். வேனுக்குத் தேய்மானம் எழுதத் தெரிகிற கணக்குப்பிள்ளைக்கு, டீச்சரின் முட்டித் தேய்மானத்தை எழுதத் தெரியாதா?

இப்போது புதிய சட்டம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. இனிப் பணிக்கொடையும் அதற்குள்தான். அதில் நல்லதும் இருக்கிறது. "வேறு எந்த வேலையானாலும்" என்று ஊழியர் வரையறையிலேயே எழுதிவிட்டார்கள். குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஒப்பந்தம் முடியும்போது ஐந்து வருடம் நிறைய வேண்டியதில்லை, இருந்த காலத்துக்கு ஏற்பத் தர வேண்டும். படிகள் என்று பிரித்துக் காட்டி அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கும் வித்தைக்கும் தடை, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியது சம்பளமாகவே எண்ணப்படும்.

குறையும் சொல்ல வேண்டும். 2020 செப்டம்பரில் எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நேரத்தில் நிறைவேற்றினார்கள். கோடிக்கணக்கான பேரின் பிழைப்பைத் தொடுகிற சட்டத்துக்கு முறையான விவாதம் இல்லை. நிரந்தர வேலையை ஒழித்து எல்லோரையும் ஒப்பந்தத்தில் போட இது வழி ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கும் உண்டு. வருடா வருடம் ஒப்பந்தம் என்றால் டீச்சர் வருடா வருடம் பயந்துகொண்டே இருக்க வேண்டும்.

சட்டம் எதுவானாலும் தந்திரம் அதற்கு முன்னால் ஓடுகிறது. நம் சொந்தத்தில் ஒரு பெண், எனக்குப் பேத்தி முறை, ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். ஏப்ரலில் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு ஜூனில் புது ஆணை கொடுக்கிறார்களாம். வங்கியில் முழுச் சம்பளம் போட்டு, ஒரு பகுதியைக் கையில் திருப்பி வாங்குகிறார்களாம். "எல்லா இடத்துலயும் இப்படித்தான் பாட்டி" என்கிறாள் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பில் நான் 2011-இல் பேசிய புத்திமதி கேட்டது.

இது ஆசிரியர் பிரச்சினை மட்டுமில்லை. அங்கன்வாடி அம்மாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வாங்குவது சம்பளமே இல்லை, மதிப்பூதியம், அதனால் பணிக்கொடை கிடையாது என்று அரசாங்கத் தரப்பே வாதாடியது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கும் உண்டு என்றது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை என்றாலே, பெண்கள் செய்கிற வேலை என்றாலே, சம்பளத்துக்கு வேறு பெயர் வைக்கிறார்கள். தொண்டு, சேவை, மதிப்பூதியம். பெயர் எவ்வளவு அழகோ, தொகை அவ்வளவு சிறிது.

தனியார் பள்ளிகளில் வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, உங்களுக்குச் சில சொற்கள். நியமன ஆணையைப் பத்திரமாக வையுங்கள். இல்லையென்றால் வங்கிக் கணக்குப் பதிவு, வருகைப் பதிவின் படம், தேர்வுப் பணி ஆணை, எதுவானாலும் சேர்த்து வையுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வேலையை விட்டதும் பணிக்கொடை கேட்டு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முப்பது நாளில் தர வேண்டும், தராவிட்டால் வட்டி உண்டு. மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். போகும்போது தனியாகப் போகாதீர்கள். என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். கேட்பது நன்றிகெட்டதனம் இல்லை. நன்றியும் பாக்கியும் வேறு வேறு.

தாளாளர் தம்பிக்குக் கடைசியாக. நீ கணக்கில் எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்கியவன். கடந்த பத்து வருடத்தில் உன் பள்ளியிலிருந்து எத்தனை டீச்சர்கள் விடைபெற்றார்கள், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு கொடுத்தாய் என்று ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு எழுது. எனக்குக் காட்ட வேண்டாம். மூன்றாவது பத்தியில் சைபர் இருந்தால், இந்த மாதமே ஒருவரிலிருந்து ஆரம்பி. அடுத்த ஆசிரியர் தினத்தில் பொன்னாடை வேண்டாம், காசோலை கொடு. அன்றைக்கு உன்னைப் பற்றி இதே பக்கத்தில் பெருமையாக எழுதுவேன்.

அக்கா நன்றாக இருக்கிறார். வந்த பணத்தில் ஒரு முட்டிக்கு மட்டும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இன்னொரு முட்டிக்கு அந்த வட்டிப் பணம் உதவியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்